மாட்டு வண்டி முதல் பிக்கப் வரை: வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வண்டி வரலாறு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலைப் பற்றி எழுதினர். கங்காணியைப் பற்றி எழுதினர். பால்மரத்தைப் பற்றியும் லயன் வீடுகளைப் பற்றியும் எழுதினர். ஆனால், வெட்டிய பாலையும் அறுத்த குலையையும் ஆலைக்குச் சுமந்து சென்ற வண்டியைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. விளைந்த பொருள் விளைந்த இடத்திலேயே கிடந்தால் அதற்கு விலையில்லை. வண்டி நின்ற நாளில் தோட்டமும் நின்றது. அவ்வாறிருக்க, வண்டியையும் அதனை ஓட்டியவரையும் பழுது பார்த்தவரையும் விடுத்துத் தோட்ட வரலாறு முழுமை பெறுமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

இக்கட்டுரை கோலசிலாங்கூர் மாவட்டத்தையும் அதனையடுத்த வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளையும் களமாகக் கொண்டது. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பின்னர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிய செம்மண் சாலைகளில் இன்று பிக்கப் எனப்படும் சிறு சுமையுந்துகள் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றிற் பல, வாங்கியபடியே ஓடுவன அல்ல. பட்டறையில் மாற்றம் பெற்றவை. கூடுதல் சுமை தாங்கவும் குறைந்த டீசலில் நெடுந்தொலைவு ஓடவும் செப்பனிடப்பெற்றவை. இந்தக் கலை நேற்றுத் தோன்றியதன்று. நூறாண்டுக்கும் மேற்பட்ட தோட்டத்துப் பட்டறிவின் தொடர்ச்சியே இது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடும் அச்சும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பியின் விலை வீழ்ந்ததும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடங்களை இரப்பர் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் ஆற்றில் படகும் கரையில் மாட்டு வண்டியுமே சுமை தூக்கின. அவ்வண்டிகளுள் பலவற்றை ஓட்டியோர் நம்மவரே. தமிழகத்துச் சிற்றூர்களில் தந்தையிடமும் பாட்டனிடமும் கற்ற தொழிலைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

வண்டித் தொழில் தமிழருக்குப் புதிதன்று. சங்க காலத்து உமணர், உப்பு ஏற்றிய வண்டிகளில் நெடுவழி செல்லும்போது, மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென ஒரு சேம அச்சினைக் கீழே கட்டிச் சென்றனர். ஔவையார் தம் புறநானூற்றுப் பாடலொன்றில் ஒரு தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். வள்ளுவரோ, மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று கூறி, வலியறிதலை விளக்க வண்டியையே துணைக்கழைத்தார். பழுது வருமுன் எண்ணுதல், சுமையின் அளவறிதல் என்னும் இரண்டும் இயந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அறிந்திருந்த வண்டி இலக்கணம் எனலாம்.

மாட்டு வண்டிக்காரன் தன் வண்டியைச் செப்பனிட்ட முறையைக் கவனித்தால் இன்றைய பட்டறையின் வேர் அங்கே தெரியும். அவன் அச்சுக்கு மை இட்டான், உராய்வு குறைந்தது. முன்பாரம், பின்பாரம் பார்த்துச் சுமையைச் சமன்செய்தான். மாட்டின் கழுத்து நோகவில்லை. சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தால் கொல்லனிடம் கொண்டுசென்று இறுக்கினான். மாட்டை அடித்து விரைவு பெறுவதைவிட, வண்டியின் தடையைக் குறைத்து விரைவு பெறுவதே அறிவுடைமை என்பதை அவன் அறிந்திருந்தான். இக்கட்டுரை சொல்ல வந்த செய்தியின் சாரமும் அதுவே.

லோரி வந்த காலம்

முதல் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மோட்டார் லோரிகள் மலாயாத் தோட்டங்களில் மெல்ல மெல்ல இடம்பெறலாயின. இரப்பர்த் தோட்டத்திற்கு லோரி ஒரு வசதி மட்டுமன்று, தேவையுமாகும். மரத்திலிருந்து வடித்த பால் நெடுநேரம் நீர்மமாக நில்லாது. வெயில் ஏற ஏற அது தானே உறையத் தொடங்கும். அம்மோனியா கலந்து உறைவதைத் தாமதப்படுத்தலாமே அன்றி அறவே தடுத்துவிட இயலாது. ஆகவே, விடியுமுன் வெட்டிய பாலை நண்பகலுக்குள் ஆலைக்குச் சேர்ப்பது வண்டியின் நலத்தைப் பொறுத்திருந்தது.

லோரியின் வருகை தோட்டச் சமுதாயத்தில் ஒரு புதிய மனிதனை உருவாக்கியது. துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிவரிசையில் இடம் குறிக்கப்படாத ஒருவன் தோன்றினான். அவனே லோரி ஓட்டுநர். அவனோடு பிட்டர் என்று நம்மவரால் அழைக்கப்பட்ட பழுது பார்ப்பவரும் தோன்றினார். பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளே பெற்றிருந்தாலும், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயை உணரும் திறன் இவர்களுக்கு வாய்த்திருந்தது. பெட்ரோல் இயந்திரத்தின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார்கள். இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் செம்மை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. மருத்துவர் நாவை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது. அதன்பின் கார்புரேட்டரின் திருகை அரைச் சுற்றோ கால் சுற்றோ திருப்பிச் சரிசெய்வர். ஏட்டில் எழுதப்படாமல், மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்கு மாறிய அறிவு இது.

கரியும் இரப்பரும் எரிபொருளான நாட்கள்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவிற் புகுந்தது. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் தோட்ட மக்கள் பட்ட துன்பம் எழுத்தில் அடங்காது. பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். அப்பெருந்துயரின் முன் வண்டியின் கதை சிறிதுதான். எனினும், எரிபொருள் வரலாற்றில் அக்காலத்திற்கு ஓர் இடமுண்டு.

பெட்ரோல் அரிதானபோது, வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவான அடுப்பொன்றைப் பொருத்தி, கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் இயந்திரத்தை ஓட்டினர். காலையில் அடுப்பு மூட்டி வாயு எழும்வரை காத்திருக்க வேண்டும். மேட்டில் ஏற இயந்திரம் திணறும். பெட்ரோலில் ஓடும்போது கிடைத்த ஆற்றலில் ஒரு பகுதி குறைந்தே கிடைக்கும். இரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் செம்பனை எண்ணெயுங்கூட அக்காலத்தில் எரிபொருளாகப் பயன்பட்டன. விற்க வழியின்றிக் கிடந்த விளைபொருளே வண்டிக்கு உணவாயிற்று. தட்டுப்பாடு மனிதனைச் சிக்கனத்திற்கும் சூழ்ச்சித் திறனுக்கும் பழக்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

போருக்குப் பின் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. அதே 1948ஆம் ஆண்டில் அறிமுகமான இங்கிலாந்துத் தயாரிப்பான லேண்ட் ரோவர், நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாதலால், சேற்றுச் சாலைகள் நிறைந்த மலாயாத் தோட்டங்களுக்கு ஏற்றதாயிற்று. பின்னாளில் வந்த பிக்கப்புக்கு அதனை ஒரு முன்னோடி எனக் கருதலாம்.

தென்னமரமும் செம்பனையும்

வட சிலாங்கூருக்கு உலக எரிபொருள் வரலாற்றிலேயே ஒரு தனியிடம் உண்டு என்று கூறினால் சிலர் வியக்கக்கூடும். மலாயாவில் வாணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டமாகும். ஆண்டு 1917. பயிரிட்டவர் ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டக்காரராக வந்த இவர், பின்னர் மலாயா வாழ்வை வைத்து எழுதிய புதினத்திற்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் இலக்கியப் பரிசையும் பெற்றார். தமிழ்ச் செவிக்குத் தென்னையை நினைவூட்டும் பெயருடைய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது காலத்தின் விந்தையே.

இதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1900இல், பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. அவ்வியந்திர வகையைக் கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ருடோல்ப் டீசல். 1897இல் அவர் சோதித்துக் காட்டிய இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அக்கால நீராவி இயந்திரங்களோடு ஒப்பிட இது பெரும்பாய்ச்சலாகும். காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டிலேயே எண்ணெயை எரியச் செய்வது அவர் கண்ட வழி. பழைய பெட்ரோல் இயந்திரம் காற்றை எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தும். டீசல் இயந்திரமோ பதினாறு முதல் இருபது மடங்குக்கும் மேல் அழுத்தும். சுமை வண்டிகள் டீசலை நாடியதன் காரணம் இதுவே.

செயற்கை இரப்பரின் போட்டியால் இயற்கை இரப்பரின் விலை தளர்ந்தபோது, 1960ஆம் ஆண்டுகளிலிருந்து தோட்டங்கள் பால்மரத்தை வெட்டிச் செம்பனைக்கு மாறின. செம்பனையோ வண்டியை முன்னினும் கடுமையாக வேலை வாங்கியது. பால் வாளியைத் தோளில் சுமந்த தொழிலாளி, பத்து முதல் இருபத்தைந்து கிலோ வரை எடையுள்ள குலைகளை ஏற்ற வேண்டியவனானான். குலையை அறுத்த இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் பெருகும். எண்ணெயின் தரம் தாழும். தரம் தாழ்ந்தால் விலையும் தாழும். மழையில் சாலை குழம்பி வண்டி சிக்கிக்கொண்டால் இழப்பு தோட்டத்திற்கு மட்டுமன்று. குலைக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற குடும்பத்திற்கும் உரியதாயிற்று.

வரலாற்றின் சக்கரம் இங்கே ஒரு முழுச்சுற்றுச் சுற்றியது. மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980ஆம் ஆண்டுகளில் செம்பனை எண்ணெயிலிருந்து டீசலுக்கு ஈடான எரிபொருளை உருவாக்கிப் பேருந்துகளில் நெடுநாள் ஓட்டிச் சோதித்தது. தேசிய உயிரி எரிபொருட் கொள்கை 2006இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் 5 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலந்த டீசல் நாட்டின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தது; 2014இல் அது 7 விழுக்காடாகவும், 2019இல் 10 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆக, குலையைச் சுமக்கும் வண்டி அக்குலையின் எண்ணெயையே ஒரு பங்கு குடித்து ஓடுகிறது. தென்னமரத்தில் 1917இல் நட்ட விதைக்கும் இன்று ஈஜோக் சாலையில் செல்லும் பிக்கப்பின் எண்ணெய்த் தொட்டிக்கும் உள்ள உறவு இதுவேயாகும்.

பிக்கப்பின் வருகை

1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் கைவிட்ட பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேர இழக்கும் நிலையில் தொழிலாளர் நின்றனர். அந்நெருக்கடியில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தது நாமறிந்த வரலாறு. ஆயினும், நாடெங்கும் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் நிலம் கிட்டவில்லை. பிற்காலத்தில் நகரங்கள் பெருகி, தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறியபோதும் இதே கதை தொடர்ந்தது.

இந்த இடத்தில்தான் பிக்கப் நம் சமுதாய வரலாற்றினுள் நுழைகிறது. 1968இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் ஹைலக்ஸ் என்னும் சிறு சுமையுந்தை வெளியிட்டது. டட்சுன், இசுசு, மிட்சுபிஷி முதலிய வண்டிகளும் இவ்வகையில் வந்தன. 1973இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபின், சிறிய வண்டிக்கும் டீசல் இயந்திரத்திற்கும் மதிப்புக் கூடியது. லோரி வாங்க இயலாதவனும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கலாம். தோட்டத்துக் குத்தகை வேலை, சிறு தோட்டக்காரரின் குலைகளை ஆலைக்கு ஏற்றுதல், தஞ்சோங் காராங், சிக்கிஞ்சான் பகுதி நெல்லுக்கும் காய்கறிக்கும் வாடகை வண்டியாக ஓடுதல், பழைய இரும்பு சேர்த்தல் எனப் பல தொழில்களுக்கு அது அடிப்படையாயிற்று. நிலம் கிட்டாதவனுக்கு வண்டி கிட்டியது. ஏருக்கு மாடு எப்படியோ, அப்படி இவர்களுக்குப் பிக்கப் அமைந்தது.

பட்டறையில் நிகழும் மாற்றங்கள்

வண்டியே வாழ்வானபின் அதனை மேம்படுத்த முனைவது இயல்பு. பட்டறைகளில் 'டியூன்' செய்தல் என்பர். நரம்புக் கருவிக்குச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை இது. தளர்ந்தால் இசை கெடும். அளவுக்கு மேல் முறுக்கினால் நரம்பு அறும். இவ்வேலையில் நன்மை பயப்பனவும் தீமை பயப்பனவும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதலாவது, காற்று. டீசல் எரியக் காற்று வேண்டும். செம்மண் தூசி காற்று வடிகட்டியை அடைத்தால், உள்ளே செல்லும் எண்ணெய் முழுதும் எரியாது கரும்புகையாக வெளியேறும். கரும்புகை என்பது எரியாத எண்ணெய். அஃதாவது, புகைக்குழாய் வழியே போகும் பணம். நீலப்புகை கண்டால் இயந்திரத்தினுள் மசகெண்ணெய் எரிகிறது என்று கொள்க. வெண்புகை நீங்காது நின்றால் எண்ணெய் எரியாமலோ, நீர் உட்புகுந்தோ இருத்தல் கூடும். புகையின் நிறமறிதல் ஓட்டுநரின் அரிச்சுவடியாகும்.

இரண்டாவது, எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டர். அது எண்ணெயைப் பனிபோல் தூவ வேண்டும். தேய்ந்தால் சொட்டுச் சொட்டாக வடிக்கும். பழைய இயந்திரங்களில் இதனைக் கழற்றிச் சோதனைக் கருவியில் அழுத்தம் பார்த்துச் சீராக்குவதும், வால்வு இடைவெளியைச் சரிசெய்வதும், எண்ணெய் பாயும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும் உண்மையான டியூனிங் ஆகும். இவை புதிய ஆற்றலைத் தருவன அல்ல. இழந்த ஆற்றலை மீட்பன. செம்பனை கலந்த டீசல் தொட்டியின் பழைய கசடுகளைக் கரைத்துக் கொண்டுவரும். நீரையும் எளிதில் ஈர்க்கும். ஆதலால், எண்ணெய் வடிகட்டியைக் காலத்தில் மாற்றி, அடியிற் சேரும் நீரை வடித்துவிடுதல் நம் நாட்டு வண்டிகளுக்கு மிகவும் தேவையானது.

மூன்றாவது, சக்கரம். காற்றழுத்தம் குறைந்த டயர் சாலையோடு ஒட்டி உருளும்; எண்ணெய் வீணாகும். சேற்றில் இறங்கச் சிலர் காற்றைக் குறைப்பது சரியே. ஆனால், தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து கூடினால், வண்டி நூறு கிலோமீட்டர் ஓடும்போது தொலைவுமானி தொண்ணூற்றைந்தே காட்டும்; விரைவுமானியும் உண்மையினும் குறைத்தே காட்டும். கணக்கும் தவறும்; சட்டமும் தவறும்.

நான்காவது, எடையும் காற்றின் எதிர்ப்பும். முன்புற இரும்புக் கவசம், கூரைச் சட்டம், பயனற்ற பெட்டிகள் ஆகியவற்றைக் கழற்றினாலே எண்ணெய் மிஞ்சும். காற்றின் எதிர்ப்பு விரைவின் இருமடிக்கேற்ப வளரும். 110இல் ஓடுபவன் 80இல் ஓடுபவனைவிடக் காற்றோடு ஏறத்தாழ இருமடங்கு போராடுகிறான். 2011இல் திறக்கப்பட்ட ஈஜோக் – தெம்ப்ளர் பார்க் விரைவுச்சாலையில் இதனை யாரும் சோதித்துப் பார்க்கலாம். பின்கதவைத் திறந்துவிட்டு ஓடினால் எண்ணெய் மிச்சம் என்று பலர் நம்புவது பிழை. கதவு மூடியிருக்கும்போது தொட்டியினுள் சுழலும் காற்று ஒரு மெத்தைபோல் அமைந்து, மேலே செல்லும் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது.

இனி, தீமை பயப்பன. பழைய டீசல் பம்பின் திருகைத் திருப்பி எண்ணெயைப் பெருக்கினால் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால், காற்றைப் பெருக்காமல் எண்ணெயை மட்டும் பெருக்கினால் கரும்புகையும் மிகுந்த வெப்பமுமே எஞ்சும். பிஸ்டன் உருகுதலும் உண்டு. டர்போ பொருத்துவோர் அதற்கேற்ற மசகெண்ணெய் வழியையும் குளிர்விப்பையும் அமைக்க வேண்டும். புதிய வண்டிகளில் எண்ணெய், வளிமண்டல அழுத்தத்தினும் ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில், கணினியின் கட்டளைப்படி தெளிக்கப்படுகிறது. அக்கணினியின் கட்டளைகளைத் திருத்தி ஆற்றலைக் கூட்டும் வழக்கமும் பரவியுள்ளது. கூடிய இழுவையைக் கொண்டு குறைந்த சுழற்சியில், உயர்ந்த கியரில் அமைதியாக ஓட்டுவோனுக்கு எண்ணெய் சற்று மிஞ்சலாம். அவ்விழுவையை விரைவாக மாற்றுவோனுக்கு எண்ணெயும் மிஞ்சாது, கிளட்சும் மிஞ்சாது.

யாவற்றினும் கொடியது மிகைச்சுமை. ஒரு டன் சுமக்கும் பிக்கப்புக்குக் கூடுதல் வில்பட்டைகளை வைத்து இரண்டு டன் ஏற்றுவோர் உளர். வில்பட்டை தாங்கலாம், பிரேக் தாங்காது, அச்சு தாங்காது, எதிரே மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாயைக் காக்கவும் இயலாது. வண்டியின் கட்டமைப்பை மாற்ற 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இலாகாவின் ஒப்புதல் வேண்டும். அச்சட்டத்தைத் தொல்லையாகக் கருதுவோர், மயிலிறகும் அச்சை முறிக்கும் என்ற அறிவுரையைச் சட்டத்திற்கு முன்பே நம்மவர் சொல்லியிருப்பதை எண்ணிப் பார்ப்பாராக.

விலை உயர்ந்த நாள்

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் மாற்றியமைக்கப்பட்டது. லிட்டர் 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதன்பின் உலக விலைக்கேற்ப மாறலாயிற்று. மானிய டீசல் கடத்தப்படுவதைத் தடுப்பதும் அரசின் செலவைக் குறைப்பதும் இம்மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணங்கள். தகுதியுடைய டீசல் வண்டி உரிமையாளருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் திங்களுக்கு 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

ஆசிரியன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். ஒருவர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டராகத் திங்களில் 26 நாள் ஓட்டுகிறார் என்று கொள்வோம். மொத்தம் 2,600 கிலோமீட்டர். லிட்டருக்குப் 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 260 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 559 ரிங்கிட். உயர்ந்த அன்றைய விலையில் 871 ரிங்கிட். கூடுதற் செலவு 312 ரிங்கிட். அதே வண்டியைச் செப்பனிட்டு, நிதானமாக ஓட்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் பெற்றால், வேண்டிய எண்ணெய் சுமார் 217 லிட்டராகக் குறையும். மிச்சம் ஏறத்தாழ 145 ரிங்கிட். உதவித்தொகை பெற்றவருக்கு இரண்டும் சேர்ந்து விலையேற்றத்தை ஈடுசெய்துவிடும். பெறாதவருக்கோ பாதிச்சுமையை இறக்கிவைக்கும். அந்த 145 ரிங்கிட் ஒரு குடும்பத்திற்குப் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணமாகவோ, பாட்டியின் மருந்துச் செலவாகவோ அமையும். டியூனிங் என்பது விரைவுப் பந்தயக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கை மெய்யாக்க வேண்டுமானால் ஒரு குறிப்பேடு வேண்டும். எண்ணெய்த் தொட்டியை நிறைய நிரப்பித் தொலைவுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. அடுத்த முறையும் நிறைய நிரப்பி, இடைப்பட்ட தொலைவை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்திடுக. ஒரு மாற்றம் செய்தால், மூன்று நான்கு முறை நிரப்பிய பின்னரே அதன் பயனை மதிப்பிடுக. ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் செய்தால் எது பயன் தந்தது என்பது தெரியாமற் போகும். பட்டறைக்காரர் சொல்வதையோ விற்பனையாளர் சொல்வதையோ நம்புவதைக் காட்டிலும் சொந்தக் குறிப்பேட்டை நம்புதல் நன்று.

எழுதப்பட வேண்டிய அறிவு

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. அச்சுக்கு மை இட்ட வண்டிக்காரனும், தீப்பொறிச் செருகியின் நிறம் பார்த்த பிட்டரும், கரியடுப்பில் வண்டி ஓட்டியவரும், இன்று இன்ஜெக்டரைச் சீர்செய்யும் இளைஞனும் ஒரே மரபினர். அவர்கள் தேடியது விரைவை அன்று, வீணாகாமையை. ஆற்றலைக் கூட்டுவதற்குமுன் இழப்பைக் குறைத்தல் என்பதே இம்மரபின் விதி.

இம்மரபு ஏட்டில் ஏறவில்லை. துரைமாரின் கடிதங்கள் காப்பகங்களில் உள்ளன. தோட்டக் கணக்குகளும் சில உள்ளன. நாற்பது ஆண்டுகள் லோரி ஓட்டிய முதியவரின் பட்டறிவோ, அவர் மறையும்போது உடன் மறைகிறது. எந்த மேட்டில் எந்தக் கியர், எந்த மழைக்கு எந்தச் சாலை, எந்த ஓசைக்கு எந்த நோய் என்பவற்றை அவர் போல் அறிந்தோர் இலர். கோலசிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் அத்தகையோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பது எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும். படிப்பில் பின்தங்கிய மாணவன் எனப்படுபவன் தன் தாத்தாவின் பட்டறை அறிவை எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் படிப்பானாயின், தான் எந்த மரபில் வந்தவன் என்பதை அவனும் உணர்வான். அவனைப் பின்தங்கியவன் என்று எண்ணிய நாமும் உணர்வோம்.

நூறாண்டுகளாக நாட்டின் செல்வத்தைச் சுமந்து சென்ற சக்கரங்களுக்குப் பின்னால் நம்மவர் கைகள் இருந்தன. அக்கைகள் அறிந்தவற்றை எழுதிக் காப்போம். எஞ்சியிருக்கும் வண்டிகளை அறிவோடும் அளவோடும் ஓட்டுவோம்.